மெத்தை எடுக்கப் போகிற நாள்

தண்ணீர் மெத்தையைக் காலி செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் கேட்டார். அரை மணி நேரம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தப்பில்லை. மூடியைத் திருகி, சரித்துப் பிடித்து, வாளியை வைத்தால் போதும். தண்ணீர் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். எனக்கு ஒரு மெத்தைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். இப்போதெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வருவதில்லை. எழுந்து நடப்பேன், ஜன்னல் பக்கம் போவேன், விட்ட இடத்தைத் தேடிக்கொண்டு திரும்பி வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தொடுவதற்குள் வேலையை விட்டவன் நான். முதுகு போய்விட்டது என்று காரணம் சொன்னேன். முதுகும் போயிருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. ஆஸ்பத்திரிகள் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட நோயாளிகளை, திருவனந்தபுரத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சிறு குழு எங்களுடையது. வலிக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, வீட்டாருக்கு இரண்டு வார்த்தை. ஜீப்பு ஓட்ட சுகுமாரன். கட்டுப் போட லீலாம்மா சிஸ்டர். பேசுவதற்கு நான். தமிழ் வீடு என்றால் நான் போயே தீர வேண்டும். சாலைக் கடைத்தெருவில் மளிகை வைத்திருந்த கோட்டாற்றுக்காரரின் மகன் நான். இரண்டு மொழியிலும் ஆறுதல் சொல்லத் தெரியும், இரண்டிலும் அது பொய்யாகத்தான் ஒலிக்கும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நோயாளி போன பிறகு அந்த வீட்டுக்கு ஒரு தடவை போவோம். துக்கம் விசாரிக்கிற விசிட் என்று அதற்குப் பெயர். உண்மையில் மெத்தையை எடுக்கத்தான் போனோம். எங்களிடம் இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய தண்ணீர் மெத்தைகள். ஒரு முதுகு அதைவிட்டு இறங்கும்போதே, படுக்கைப் புண்ணோடு இன்னொரு முதுகு எங்கோ காத்துக் கிடக்கும். அதனால் போவோம், உட்காருவோம், கடைசி நேரத்தில் கஷ்டப்பட்டாரா என்று கேட்போம், அவர்கள் அழுவார்கள், சிஸ்டர் கையைப் பிடிப்பாள், நான் மூடியைத் திருகுவேன். வாசலில் ஜீப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். துக்கமும் சாமானும் ஒரே நடையில் முடிந்துவிடும். அதில் என்ன குறை என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. டீசல் மிச்சம் என்றுதான் தோன்றியது.

பேச்சியம்மாளின் வீடு பழவங்காடிக்குப் பின்னால், வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் கடைசி அறை. வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. கணவர் இசக்கிமுத்து தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அதே ஹோட்டலில் அவளுக்குக் காய் நறுக்குகிற வேலை. அவருக்குப் புற்று வந்து முதுகெலும்பில் ஏறி, இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. நாங்கள் மெத்தையைக் கொண்டு போட்ட அன்று வீட்டில் குழாய் இல்லை. தெருக்குழாயில் வரிசை நின்று, குடம் குடமாகச் சுமந்து வந்து, அந்த மெத்தையை நிறைத்தவள் அவள்தான். நிறைந்ததும் அவரை அதன் மேல் கிடத்தினோம். உடம்புக்கடியில் தண்ணீர் ஒருமுறை புரண்டு படுத்தது. “தோணியில கெடக்க மாதிரி இருக்கு” என்றார் இசக்கிமுத்து. “கவுந்துராதீய” என்றாள் அவள். அவர்கள் இருவரும் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் போனார். ஊரிலிருந்து அண்ணன் தம்பிகள் வந்தார்கள், பதினாறு முடித்தார்கள், கன்னியாகுமரி பாசஞ்சரைப் பிடித்தார்கள். பிள்ளைகள் இல்லை. நாங்கள் போனோம்.

டீ போட்டுக் கொடுத்தாள். அழவில்லை. மெத்தையின் மேல் அவருடைய லுங்கியை விரித்து, ஓரங்களை அடியில் சொருகி வைத்திருந்தாள். நான் மூடியின் பக்கம் கையைக் கொண்டு போனதும் டம்ளரைத் தரையில் வைத்தாள்.

“இன்னிக்கு வேண்டாம் அண்ணாச்சி. பொறவு எடுத்துக்கிடலாம்.”

சரி என்றோம். அடுத்த வாரம் போனோம். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா எதையும் எடுக்கக் கூடாதுல்லா” என்றாள். செவ்வாய் போனோம், செவ்வாயும் ஆகாது. அதற்கடுத்த தடவை கதவு பூட்டியிருந்தது, உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் விழிஞ்ஞத்தில் ஒரு பெரியவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், பக்கவாதத்தில் விழுந்து, பாயிலேயே கிடந்து முதுகு பிளந்துவிட்டது. மகள் ஸ்டெல்லா மீன் விற்கப் போகும்போது அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுப் போவாள், திரும்பி வரும்போது மறுபக்கம் புரட்டுவாள். அவருக்கு அந்த மெத்தை வேண்டும். வேறு மெத்தை எதுவும் கையில் இல்லை.

ஜீப்புக்குள் சண்டை. “சாரே, மரிச்ச ஆளுக்கு இனிமேல் புண்ணு வராது” என்றாள் லீலாம்மா சிஸ்டர். “அங்க ஒரு அப்பச்சன் உயிரோடு அழுகுறார். நீங்க இவிட சாயா குடிச்சிட்டிருக்கீங்க.”

“அண்ணாச்சி, ஒரு ஊசி தாங்க” என்றான் சுகுமாரன். “ஞான் உள்ளே போயி குடிக்கான் தண்ணி கேக்கும். போற போக்கில ஒரு குத்து. பிரச்னம் தீர்ந்து.”

“நீ மிண்டாதே இரு, சுகுமாரா” என்று அவன் வாயை அடக்கினாள் சிஸ்டர்.

சிரித்தோம். சிரித்துவிட்டு மூன்று பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த தடவை நான் தனியாகப் போனேன். நயமாகப் பேசினேன், பொதுப்படையாகக் காரணம் சொன்னேன், சட்டம் சொன்னேன். அவள் காய் நறுக்கும் கத்தியைத் துணியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, ஏதோ விலை சொல்வதுபோல், சாதாரணமாகச் சொன்னாள்:

“அது இங்க கெடந்தாத்தான நீங்க வருவீய? எடுத்துட்டுப் போயிட்டா இந்தப் பக்கம் யாரு வருவா?”

 ஆளில்லாத ஒரு மெத்தைக்காக ஐந்து தடவை வந்திருக்கிறோம். அவர் உயிரோடு இருந்தபோதுகூட ஒரு மாதத்தில் அத்தனை தடவை வந்ததில்லை.

அப்போது நான் ஒரு முடிவு எடுத்தேன். உங்களில் பலரும் அதையேதான் எடுப்பீர்கள், கெட்ட முடிவில்லை. மெத்தைக்குப் பதிலாக அவளுக்கு ஓர் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. இவ்வளவு பெரிய ஊரில், இத்தனை படித்தவர்கள் இருக்கிற மாநிலத்தில், செத்தவர் வீட்டில் மிஞ்சியிருப்பவரிடம் உட்கார்ந்து பேச ஓர் இடம் இல்லாமலா போகும்?

தேடினேன். உங்களுக்கு இப்போது நம்பர்கள் இருக்கின்றன, பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள், சந்தோஷம். எனக்கு அன்று இருந்தவை ஒரு டெலிபோனும் செருப்பும். மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் கேட்டேன். தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, தனியாகப் பேசுகிறாளா என்று விசாரித்தார்கள். தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள் என்றேன். “அப்ப எந்தா குழப்பம்?” என்றார் அந்த டாக்டர். கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார். பெண்களுக்கான ஓர் அலுவலகத்தில் விதவைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறோம் என்றார்கள், ரேஷன் கார்டு எந்த ஸ்டேட் என்றார்கள். கார்டு வள்ளியூரில். நாகர்கோவில் போன சமயம் அங்கேயும் ஓர் அலுவலகத்தில் ஏறி இறங்கினேன். “சாவு அங்கதான நடந்திருக்கு? அப்ப அங்கதான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தார் ஒருவர். திரும்பி வரும்போது மாநில எல்லையில், களியக்காவிளை செக்போஸ்டில் பஸ் நின்றது. இந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர், அந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர், நடுவில் கொஞ்சம் ரோடு. அந்த நடு ரோட்டில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்துவிட்டு வரவா என்று தோன்றியது. அலுப்பில் மனம் என்னென்னவோ நினைக்கும்.

கடைசியில் ஒரு மடத்தில் கவுன்சலிங் தெரிந்த கன்னியாஸ்திரீ ஒருவர் கிடைத்தார். நல்ல மனுஷி. பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

“எப்படி இருந்தது?”

“நல்லாத்தான் பேசுனாவ.” பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பிறகு, “எனக்குக் காய் வாங்கத்தான் மலையாளம் உண்டு அண்ணாச்சி. இதுக்கு இல்ல” என்றாள்.

மெத்தை அங்கேயே கிடந்தது. விழிஞ்ஞத்துப் பெரியவருக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது.

இப்போது நான் சொல்ல வந்த இடம். அன்று காலை விழிஞ்ஞம் போய், புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, அங்கிருந்து நேராகப் பழவங்காடிக்கு வந்தோம். இன்று எடுத்தே தீர வேண்டும். அவள் தடுத்தால் சிஸ்டரும் சுகுமாரனும் கட்டிலைச் சரிப்பது, நான் அவளைப் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. யோசித்துப் பாருங்கள். பிடித்துக்கொள்வது.

நம் வேலையில் ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு: ஒரு வீட்டின் நோயை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது. நல்ல சட்டம்தான், நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த அறைக்குள் நுழைந்தபோது அவள் லுங்கியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். தாவிப் பிடிக்க வேண்டிய தூரத்தில்தான் நான் நின்றேன். என் வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது.

“விழிஞ்ஞத்துல ஒரு பெரியவர் கிடக்கிறாரும்மா. இந்த மெத்தை அவருக்கு.”

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பேச்சியம்மாள் கையை எடுக்கவில்லை. “முதுகா?” என்றாள்.

“முதுகுதான்.”

“எம்புட்டு?”

நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே லீலாம்மா சிஸ்டர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஐந்து விரல்களும் விரிய. பேச்சியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். அவளுக்கு அந்த அளவு தெரியும், தினமும் துடைத்தவள். சிஸ்டரின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

“இத மொதல்லயே சொல்லுறதுக்கு என்னவாம்?” என்றாள். “நீங்க பாட்டுக்கு வாரிய, டீ குடிக்கிய, சாமானக் குடுங்கிய. நான் என்னத்தக் கண்டேன், உங்க குடோனுக்குன்னுல்லா நெனச்சேன்.”

எழுந்து போய் வாளியைக் கொண்டுவந்தாள். லுங்கியை மடித்துக் கொடியில் போட்டாள். மூடியை அவளே திருகினாள்.

சாக்கடையில் விட அவள் சம்மதிக்கவில்லை. “அது நான் சொமந்த தண்ணி” என்றாள். வரிசை வீடுகளுக்குப் பின்னால் நாலைந்து வாழைகள் நின்றன. வாளி வாளியாக அங்கே கொண்டுபோய் ஊற்றினாள். இரண்டாவது வாளிக்கு அடுத்த வீட்டுப் பெண் வெளியே வந்து ஒரு பக்கம் பிடித்தாள். அப்புறம் இன்னொருத்தி தன் வீட்டுக் குடத்தோடு வந்தாள். பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்த வாசலில் அவர்கள் யாரும் கால் வைக்கவில்லை என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. மனசில்லாமல் இல்லை. என்ன சொல்லிக்கொண்டு வருவது என்று தெரியவில்லை. தூக்குவதற்கு ஒன்று கிடைத்ததும் வந்துவிட்டார்கள். எங்களுக்கும் அதே கதைதானே.

மெத்தை படிப்படியாகத் தணிந்தது. கடைசித் தண்ணீருக்காக அவள் ஓர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபோது அது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் போட்டது. அப்போதுதான் அவள் அழுதாள். சிஸ்டர் அவள் கையைப் பிடிக்கவில்லை. மெத்தையின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் எஞ்சின் சத்தம் இல்லை என்பதை அப்போது கவனித்தேன். சுகுமாரன் எப்போது அணைத்தான் என்று தெரியாது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, போவோம்” என்றாள்.

“எங்கே?”

“இத ஒழுங்கா விரிச்சுப் போடாட்டா மடிப்பு குத்தும். நான் கொண்டு விட்டுட்டு வாரேன்.”

நியாயப்படி நான் மறுத்திருக்க வேண்டும். ஜீப்பில் இடமில்லை, அந்த வீட்டாரிடம் கேட்கவில்லை, எழவு விழுந்த வீட்டுப் பெண்ணை இன்னொரு நோயாளியின் முன்னால் கொண்டு நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. சுகுமாரன் பின்கதவைத் திறந்து பிடித்தான். ஏறிவிட்டாள்.

ஸ்டெல்லா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “இத்தனை நாளு எவிடயாயிருந்து உங்க மெத்தை? இனி எதுக்கு, சவப்பெட்டியில விரிக்கவா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பேச்சியம்மாள் சொன்னாள்: “என் வீட்டுலதான் கெடந்துச்சு. நாந்தான் குடுக்கல்ல. ஏசணும்னா என்னிய ஏசு.”

ஸ்டெல்லா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நெற்றி, கழுத்து, கை. எல்லாம் வெறுமையாக இருந்தன. கடற்கரையில் அதைப் படிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏச்சு பாதியில் நின்றது. “வா” என்றாள்.

இருவரும் சேர்ந்து தண்ணீர் சுமந்தார்கள். பேச்சியம்மாள் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினாள். “இது என்னட்டி தண்ணி, ஒரே உப்பு. இதையா குடிக்கிய?” “குடிக்கான் வேற உண்டு. இது அப்பனுக்கு மெத்தைக்கு. அப்பனுக்கு உப்புவெள்ளம் புதுசா?” என்றாள் ஸ்டெல்லா. பெரியவரைத் தூக்கிக் கிடத்தினோம். தண்ணீர் அடியில் புரண்டது. அவர் கண்ணைத் திறந்து, வாய் ஒரு பக்கம் கோண, கையால் துடுப்புப் போடுவதுபோல் லேசாக அசைத்தார். பேச்சியம்மாள் சட்டென்று வெளியே போய்க் கடலைப் பார்த்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெல்லாவும் போய்ப் பக்கத்தில் நின்றாள். இருவரும் என்ன பேசினார்கள், எந்த மொழியில் பேசினார்கள் என்று நான் கேட்கப் போகவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு விடுமுறை கிடைக்கிற நாட்களில் கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் ஏறுவதைச் சுகுமாரன் பார்த்திருக்கிறான். “அண்ணாச்சி, நம்மட ஆளு ஒரு மூட்ட வெண்டைக்காயும் கொண்டு போவுது” என்பான். திரும்பும்போது மீன் இருக்கும்.

இதை ஒரு வழிமுறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். இது பலித்த சந்தோஷத்தில், நெய்யாற்றின்கரைப் பக்கம் சாவு நடந்த வீட்டுப் பெண் ஒருத்தியை அதேபோல் இன்னொரு வீட்டுக்கு அழைத்துப் போனேன். வாசலில் மருந்து வாடை அடித்ததும் அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அவளுடைய அண்ணன் எங்களை அந்த வீட்டுப் பக்கம் சேர்க்கவில்லை. அவன் செய்தது சரி. பேச்சியம்மாள் தானாக ஏறினாள். இவளை நான் ஏற்றினேன். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எந்தப் பயிற்சியும் எனக்கு உதவவில்லை. எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பார்த்துப் பார்த்து அலுத்துப் போகும். அலுத்த கண்ணால்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

பெரியவர் இடவப்பாதிப் பருவமழையில் போனார். படகுகள் கடலுக்குப் போகாத நாள். அடக்கம் முடிந்த மறுநாளே எங்களுக்குப் போன் வந்துவிட்டது: பேட்டையில் ஒரு பையன், விபத்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, மெத்தை வேண்டும். மழையோடு மழையாக விழிஞ்ஞம் போனோம். வழியெல்லாம் சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று பழைய வார்த்தைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கஷ்டப்பட்டாரா, தூக்கத்திலா, நீங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தீர்கள். மகன் மாதிரி நின்றீர்கள்.

ஸ்டெல்லாவின் வாசல் நடையில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முன்பே, முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். சேலை ஓரம் நனைந்து காய்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக, மெத்தை நிறைந்தபடியே தெரிந்தது. மேலே ஒரு வெள்ளை வேட்டி விரித்து, ஓரம் சொருகியிருந்தது. அதன் பக்கத்தில் தரையில் ஸ்டெல்லா.

பேச்சியம்மாள் எழுந்து நிலையில் கை வைத்துக்கொண்டாள். எங்கள் மூவரையும் பார்த்தாள். சுகுமாரன் கையிலிருந்த வாளியைப் பார்த்தாள்.

“மெத்தைக்குன்னா நாளைக்கு வாங்க அண்ணாச்சி” என்றாள். “தண்ணிய நாங்களே எறக்கி வைக்கோம். சும்மா வந்தியன்னா உள்ள வாங்க.”

பேட்டைப் பையனின் முதுகு ஒரு பக்கம், இந்த வாசல் ஒரு பக்கம். சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மழை ஜீப்பின் தார்ப்பாயில் அடித்துக்கொண்டிருந்தது.

சுகுமாரன் திரும்பிப் போய் வாளியை ஜீப்பில் வைத்தான். சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான். லீலாம்மா சிஸ்டர் செருப்பைக் கழற்றினாள்.